மகளுக்கு நிறை குறைவு என்று துண்டு வந்திருக்கிறது, ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள்

கேட்டவர்: மண்டூர்த்துறை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறேன், துறைக்குக் கிட்ட வீடு. அவர் கட்டாரில். நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். மூன்று பிள்ளைகள். நடுவில் உள்ளவளைப் பற்றித்தான் கேட்க வந்தேன். தரம் 10, வருகிற மாதம் 15 வயது.

போன மாதம் சுகாதாரப் பகுதியினர் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளை நிறுத்து, உயரம் அளந்து, கண்ணும் பல்லும் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னுடையவளுக்கு 38 கிலோ, 157 சென்ரிமீற்றர். பி.எம்.ஐ. (உயரத்துக்கு நிறை போதுமா என்று பார்க்கிற கணக்கு) 15.4 என்று எழுதி, மெலிவு, வைத்தியரிடம் காட்டவும் என்று ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் தரவில்லை. கொம்பாஸ் பெட்டிக்குள் சின்னதாக மடித்து வைத்திருந்தாள். அழிறப்பர் தேடிய தம்பிதான் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "காட்டினால் ஓட விடமாட்டீங்க" என்றாள்.

அவள் 800 மீற்றர் ஓடுவாள். இல்லப் போட்டியில் முதலாம் இடம். வலயப் போட்டியில் கடைசித் திருப்பம் வரைக்கும் இரண்டாவதாக வந்தவள், அப்புறம் கால் பின்னி, கோட்டுக்கு வெளியே போய் குந்திவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். யாரோ ஒரு சோடாப் போத்தலைக் கையில் கொடுத்தார்களாம். பொறுப்பாக வந்த ஆசிரியர், சாப்பிடாத பிள்ளையை ஏன் அனுப்புகிறீர்கள் என்று எனக்குப் போனில் சொன்னார். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் நின்றது எனக்குக் கேட்டது. அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். காலையில் ஆறேகாலுக்கு வெளிக்கிடுவாள். ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். சில நாள் முதல்நாள் ரொட்டி இருந்தால் அது. பாடசாலையில் சின்னவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள், அவன் தரம் 4. இவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. இடைவேளையில் 50 ரூபாயோ 100 ரூபாயோ கொண்டுபோய் பணிஸ் வாங்குவாள். பகல் இரண்டு மணிக்கு வந்துதான் சோறு. பின்னேரம் பயிற்சி.

என் அம்மா, பெரியபிள்ளை ஆனவளுக்கு என்ன ஓட்டம், ஓடி ஓடித்தான் தேய்ந்து போகிறாள் என்கிறார். ஆசிரியர், டவுனில் ஒரு மா டப்பா விற்கிறது, அதைக் கரைத்துக் கொடுங்கள் என்கிறார். விலை கேட்டேன், என்னுடைய ஒரு மாதத் தையல் காசு.

ஓட்டத்தை நிறுத்தவா? அந்த மாவை எப்படியாவது வாங்கவா? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற திரிபோஷா சத்துமா மாதிரி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கடற்கரைப் பக்க மிஸ்

அக்கா, நான் அம்பாறை மாவட்டத்தில், திருக்கோவில் பக்கம், 19 வருடமாகக் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். முதலில் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் இந்தப் பரிசோதனை நடக்கும். நிறுக்கிறோம், எழுதுகிறோம், துண்டு கொடுக்கிறோம். ஆனால் பத்துத் துண்டு கொடுத்தால் எத்தனை தாய்மார் அதைக் கொண்டு வருகிறார்கள் என்பதைப் பார்த்து நான் பல நாள் மனம் சோர்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்கவாவது வந்தீர்கள்.

15.4 என்றதும் பயப்பட வேண்டாம். யாராவது 18.5க்குக் கீழே என்றால் மோசம் என்று சொல்லியிருப்பார்கள். அது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது வேறு அட்டை. 15 வயதுப் பெண்பிள்ளைக்கு மெலிவு என்று போடுகிற கோடு ஏறத்தாழ 15.9. உங்கள் மகளின் உயரத்துக்கு அது 39 கிலோவும் கொஞ்சமும். அதாவது அவள் அந்தக் கோட்டைத் தாண்ட ஒன்றேகால் கிலோ போதும். அதற்கு மேலும் ஏற வேண்டும், ஆனால் ஒரே மாதத்தில் பத்துக் கிலோ ஏற்றுகிற வேலை இல்லை இது.

எனக்கு நிறையை விடக் கண் இருட்டியதுதான் கவலை. இரத்தம் குறைவோ என்று பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை காசில்லாமல் செய்வார்கள். அதில் ஈமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. மகளுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, மாதம் தவறுகிறதா என்று நீங்களே தனியாகக் கேளுங்கள். சாப்பாட்டை விட ஓட்டம் கூடிப்போன பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் உண்டு. அப்படி என்றால் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. மயக்கத்தோடு நெஞ்சுவலி, படபடப்பு இருந்ததா என்பதும் முக்கியம். வைத்தியர் பார்க்கும் வரைக்கும் வேகமாக ஓட விட வேண்டாம். நடக்கலாம்.

பாடசாலையில் கிழமைக்கு ஒரு இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பார்களே, அதை விழுங்குகிறாளா? எத்தனை பிள்ளைகள் அதை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு போய் மதிலுக்கு அங்கால் துப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும், அதனால்தான். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வெறுந்தேத்தண்ணி. தேயிலையில் உள்ள சாயம் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடித்தால் காரியமில்லை. சாப்பாட்டோடும் குளிசையோடும் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீர், கொய்யாப்பழம் இருந்தால் எதிர்மாறாக நல்லது, இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

திரிபோஷா 1973இல் இருந்து கொடுபடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் உரியது. உங்கள் மகளுக்கு அதில் இடமில்லை. டப்பா மாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு மாதம் முழுக்க முட்டையும் நெத்தலியும் கௌப்பியும் வாங்கி, வீட்டில் எல்லாருமே சாப்பிடலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில் புரதம் இருக்கிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற பி.ரி. சேர்

தங்கச்சி, மேலே மிஸ் எழுதியதை முதலில் செய்யுங்கள். இரத்தப் பரிசோதனை முடியும் வரைக்கும் 800 வேண்டாம். ஆனால் ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன். பத்தாம் ஆண்டோடு வீட்டுக்குள் போன பெண்பிள்ளைகள் திரும்ப மைதானத்துக்கு வந்ததை நான் கண்டதே இல்லை. உங்கள் பிள்ளை துண்டை ஒளித்தது பொய் சொல்ல அல்ல, தனக்குப் பிடித்த ஒன்றைக் காப்பாற்ற. அதை மனதில் வைத்து அவளோடு கதையுங்கள்.

போனில் அப்படிச் சொன்ன ஆசிரியருக்கு, அந்தத் தொழிலில் மூத்தவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். வலயப் போட்டிக்குப் பிள்ளையை ஏற்றுகிற காலையில், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது பொறுப்பாசிரியரின் வேலை. நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். ஒரு வருடம் இல்லப் போட்டியில், அணிநடையில் நின்ற ஒரு பையன் கொடியோடு சரிந்து விழுந்தான். தூக்கிக்கொண்டுபோய் நிழலில் கிடத்தினால் அவன் வாயில் வெற்றிலைச் சாயம். பசி தெரியாமல் இருக்க அப்பாவின் வெற்றிலை வட்டாவில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறான். அன்றைக்குப் பிறகு என் மேசை லாச்சியில் கச்சானும் வாழைப்பழமும் இல்லாமல் நான் பயிற்சி தொடங்கியதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலைச் சாப்பாட்டை முதல்நாள் இரவே யோசியுங்கள். பயறோ கௌப்பியோ இரவு ஊறப் போட்டால் காலையில் அவிக்க நேரம் எடுக்காது. தேங்காய்ப்பூ போட்டு ஒரு கோப்பை. அல்லது குரக்கன் புட்டும் நெத்தலிச் சொதியும். ஆறேகாலுக்குப் போகிற பிள்ளைக்கு அந்த நேரம் தொண்டையில் இறங்காது என்றால், பாதியைத் தின்னச் சொல்லி மீதியைக் கட்டிக் கொடுங்கள். பின்னேரப் பயிற்சிக்குச் சோறு தின்று குறைந்தது இரண்டு மணித்தியாலம் போக வேண்டும். நேரம் இல்லை என்றால் முதலில் இரண்டு வாழைப்பழம், ஓடி முடிந்து வந்து அரை மணித்தியாலத்துக்குள் சோறும் மீனும். நம் வாவியில் பிடிக்கிற செப்பலி மீனை விட நல்ல சாமான் எந்த டப்பாவிலும் இல்லை. முருங்கையிலை வேலியில் நிற்கும். தயிர்ச் சட்டி வாங்கினால் அவளுக்கு ஒரு பங்கு கூட வையுங்கள்.

அந்தச் சோடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து நம் நாட்டில் இனிப்புக் குடிபானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 44 கிராமுக்கு மேல், தேக்கரண்டியில் அள்ளினால் பதினொரு கரண்டி. மயங்கிய பிள்ளைக்கு அந்த நேரம் ஒரு மிடறு உதவியிருக்கலாம். ஆனால் அதுவே பயிற்சிக்குப் பிறகு வழக்கமாகிவிடக் கூடாது. உப்பும் சீனியும் கொஞ்சம் போட்ட தேசிக்காய்த் தண்ணீரை வீட்டிலேயே கரைத்து ஒரு போத்தலில் கொடுத்து விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடினாலும் கண் இருட்டும்.

அரசாங்கம் என்ன தருகிறது என்று கேட்டீர்கள். 2024 மார்ச்சில் இருந்து அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல காரியம், உங்கள் சின்னவன் அதில்தான் சாப்பிடுகிறான். ஆனால் உடம்பு எலும்பும் இரத்தமுமாக வளர்கிற 12, 13, 14 வயதில், அதுவும் பெண்பிள்ளைக்கு மாதம் மாதம் இரத்தம் போகிற வயதில், அந்தத் தட்டு எடுபட்டுவிடுகிறது. எந்தக் கூட்டத்தில் மைக் கிடைத்தாலும் நான் இதைச் சொல்வேன். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் 6 முதல் 9 வரைக்கும் எல்லாருக்கும் கட்டாயம். தரம் 10இல் அது விரும்பினால் எடுக்கிற பாடம். அங்கேயும் அதே வயதில்தான் கை விடுகிறோம். 2016 ஜனவரியில் விளையாட்டு, உடற்தகுதி மேம்பாட்டு வாரம் என்று நாடு முழுக்க வைத்தார்கள். அலுவலகக்காரர்கள் கூட வெளியே வந்து கையைக் காலை அசைத்தார்கள். நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வருடம் முழுக்க.

அமெரிக்காவின் கதையையும் படித்திருக்கிறேன். அவர்களின் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளை விட உடற்தகுதிச் சோதனையில் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் அதற்கென்றே ஒரு சபை வைத்தார். 1966இல் விருதும் வந்தது. நூற்றுக்கு 85 பிள்ளைகளைத் தாண்டினவருக்குத்தான் அந்த விருது. ஓடக்கூடிய பிள்ளைக்குப் பதக்கம், ஓட முடியாத பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் வெட்கம். 2013 அளவில் அந்தச் சோதனையை நிறுத்தி, தனித்தனிப் பிள்ளையின் ஆரோக்கியத்தைப் பார்க்கிற முறைக்குப் போனார்கள். 2025 ஜூலையில் திரும்பக் கொண்டுவர ஆணை போட்டிருக்கிறார்கள். அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்த பிள்ளையிடம் அடுத்த கிழமை யார் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் மகளிடம் யாரும் போகவில்லை.

அமெரிக்காவில் இருந்து நமக்கு நல்லதும் வந்தது. மட்டக்களப்பில் வெபர் மைதானம் யாருடைய பெயரில் இருக்கிறது? அங்கிருந்து வந்து நம் பிள்ளைகளுக்குப் பழக்கிய யேசுசபைப் பாதிரியார் வெபர் அடிகளாரின் பெயரில். ஒரு ஆள் வருடக்கணக்காக ஒரே ஊரில் நின்று பழக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் தலைமுறை சாட்சி.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பாடசாலைக்கு வெளியே ஒரு பயிற்றுநர் கிடைப்பாரா, கிராமத்துக் கழகத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, பயிற்சிக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு பானை கௌப்பி அவிக்க வழி கேளுங்கள். ஐந்து தாய்மார் முறை போட்டால் நடக்கிற காரியம்.

பதில் 3: நிந்தவூர் தங்கச்சி

அக்கா, நானும் 800தான் ஓடினேன், மாகாண மட்டம் வரைக்கும். எங்கள் வாப்பா விட்டார், உம்மம்மாதான் உங்கள் அம்மா மாதிரி. கடைசியில் உம்மம்மாவை மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போனோம். தொப்பி போட்டு, நீளக் காற்சட்டை போட்டு நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கத்தினேன்" என்றார். உங்கள் அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கள். சேர் சொன்ன அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே இருத்துங்கள்.

இன்னொன்று, மாதவிடாய் நாளில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். எங்கள் காலத்தில் துணியோடு ஓட வெட்கப்பட்டே மாதத்தில் ஐந்து நாள் போய்விடும். 2024இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகளுக்கு அணையாடை வாங்க வவுச்சர் கொடுத்தார்கள். உங்கள் மகளின் பாடசாலை அந்தப் பட்டியலில் வருமா என்று அதிபரிடம் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

மண்டூர்த்துறை அம்மா (மூன்று கிழமைக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் பிந்திவிட்டது, மன்னியுங்கள்.

துண்டையும் எடுத்துக்கொண்டு, விடியப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) ஏறி அக்கரையில் உள்ள குருமண்வெளிக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதையில் நிற்கும்போது மகள் வாவியைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீங்க" என்று கேட்டாள். வைத்தியர் என்ன சொன்னாலும் உனக்கு முன்னால்தான் கேட்பேன், உனக்குப் பின்னால் ஒன்றும் முடிவு எடுக்கமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்தாள்.

ஈமோகுளோபின் 10.6. இரத்தச்சோகை என்றார்கள். இருதயம் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. இரும்புச்சத்துக் குளிசையும் பூச்சிக் குளிசையும் தந்தார்கள். இப்போதைக்குப் போட்டி வேண்டாம், மெதுவாக ஓடலாம், களைத்தால் நிற்க வேண்டும், ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். மிஸ் சொன்ன குளிசைக் கதை சரி. கிழமைக் குளிசையைத் தான் ஒரு நாளும் விழுங்கியதில்லை என்று வைத்தியருக்கு முன்னால் ஒத்துக்கொண்டாள்.

தேத்தண்ணியைப் பத்து மணி இடைவேளைக்கு மாற்றுவது எப்படி என்று யோசித்தேன், முடியவில்லை. இப்போது பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று மட்டும். காலையில் கௌப்பி. முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தாள். சீனிச் சம்பல் கொஞ்சம் வைத்தேன், இறங்கியது. நேற்று கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம், 38 கிலோ 700. கடைத் தராசுதான், ஆனாலும் சந்தோசம்.

சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். கை நடுங்கியது. நிதி இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எங்களுக்கு நிதி வேண்டாம், அடுப்பும் பானையும் தாருங்கள் என்று பக்கத்தில் இருந்த இன்னொரு தாய் சொன்னார். இப்போது நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். ஒருவருக்கு வயலில் கௌப்பி இருக்கிறது. பயிற்சி உள்ள செவ்வாயும் வியாழனும் 22 பிள்ளைகளுக்கு அவிக்கிறோம். அம்மா முதல் நாளே அகப்பையோடு வந்து இருந்துவிட்டார். ஓடாத பிள்ளைகளும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அம்மா அவர்களுக்கும் போடுகிறார்.

சேர், ஒன்று கேட்க வேண்டும். அந்த ஓடாத பிள்ளைகள் ஏழு, எட்டுப் பேர் இருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மர நிழலில் இருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குப் போட்டி இல்லாமல் என்ன பழக்கலாம்? பாடசாலையில் ஒரு பழைய கரப்பந்து வலை இருக்கிறது, ஒரு பக்கம் கிழிந்தது. நான் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற பி.ரி. சேர்

வலையைத் தையுங்கள் தங்கச்சி. நைலோன் நூல் போடுங்கள், பருத்தி நூல் மழையில் அறுந்துவிடும். வருகிற வியாழன் மூன்று மணிக்கு நான் பாதையில் வருகிறேன். பந்து என்னிடம் இரண்டு இருக்கிறது. அந்த ஏழு, எட்டுப் பேரையும் வரச் சொல்லுங்கள். அதிபரிடம் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.